இக்னாஸின் காது

ஓஸ்டெண்ட்,
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்பு மகள் மார்த்தேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அம்மா நலம், உன் பூனை எங்கள் எல்லாரையும்விட நலம், இக்னாஸ் மட்டும் முக்கால் நலம். நீயும் உன் ஆப்பிள் தோட்டமும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அக்டோபர்க் காற்று தொடங்கிவிட்டது, இரண்டு நாளாகக் கடலுக்குப் படகு விடவில்லை, காற்றாலைகள் அங்கே தம் பாட்டுக்குச் சுற்றுகின்றன, அவற்றைப் பழுது பார்க்க வேண்டிய நான் துறைமுகத்தில் போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் காகிதத்தில் எழுதுவதைப் பார்த்து நீ பயந்திருப்பாய். பயப்படாதே, யாரும் சாகவில்லை. போனில் மூன்று வாக்கியத்துக்கு மேல் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், இந்த விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இக்னாஸ் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். மாட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், நான் கத்தியது அவர் காதில் விழவில்லை என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். அது பொய். நான் கத்தவே இல்லை. எழுதிவிட்டேன், இனி மற்றதைக் கேள்.

நீ கிளம்பின அன்று விமான நிலையத்தில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இக்னாஸை உங்க சங்கத்துல சேத்துக்கோப்பா, பாதி வழில விட்டுட்டுப் போயிடாதே, நான் வந்ததும் மூணு பேருமா கடற்கரை முழுக்க ஓட்டணும்" என்றாய். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றேன். உன் அம்மா என்னைவிட்டு அவரோடு போனபோது உனக்கு ஏழு வயது, எனக்கு இருபத்தாறு. உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான், நீ விழுந்து வந்தபோது முட்டியைக் கழுவிவிட்டது அவர். அது எனக்கு உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டுதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. எப்படியோ நம் நீர்க்காகம் சைக்கிள் சங்கத்தில் அவரைச் சேர்த்துவிட்டேன், நீல மஞ்சள் சட்டை அவருக்கு வயிற்றில் இறுக்கமாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமைதோறும் மெதுவான அணியில் சந்தோஷமாக வந்துகொண்டிருந்தார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு அந்த அணியின் கேப்டன் விடுமுறைக்குப் போயிருந்ததால் என்னைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். வேக அணியில் ஓட்டிப் பழகிய எனக்கு அது பந்தயக் குதிரையைப் பால்வண்டியில் பூட்டியது மாதிரி இருந்தது. பாதையை நானே போட்டேன். பழைய ரயில்தடப் பாதையில் கிஸ்டல் போய், மூரேயில் திரும்பி, லெஃபிங்கெ வாய்க்கால் ஓரமாக வந்து, மிடில்கெர்க்கில் கடலைத் தொட்டு, அங்கிருந்து காற்று முதுகில் தள்ள வீடு. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது இலவச எஞ்சின், நல்ல கணக்கு. ஆனால் இக்னாஸ் இருக்கிறாரே, டிராம் ஓட்டுகிற மனிதர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றால்தான் அவருக்கு உடம்புக்கு ஆகும். ஒருமுறை சட்டை ஜிப், ஒருமுறை தெரிந்த குடியானவருக்கு வணக்கம், மூன்றாவது முறை அவர் கை தூக்கியதும் எனக்கு அடுத்து வந்த நோயல் பின்னால் திரும்பி, "என்னய்யா இக்னாஸ், ஏறுறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா, இறங்குறவன் நான்தான், முட்டிக்கிட்டு வருது" என்று இவர் வேலியோரம் போய்விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சராசரி வேகம் இறங்க இறங்க எனக்குக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது.

மறுபடி கிளம்பியதும் நான் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். கிஸ்டலுக்குக் கொஞ்சம் முன்னால் பாதை ஒரு ரோட்டைக் கடக்கிற இடத்தில் கார் நுழையாமல் இருக்க நடுவில் ஒரு சிவப்பு வெள்ளைக் கம்பம் நிற்கும், நீ எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறாய். சங்கத்தில் விதி என்று இருப்பது ஒன்றே ஒன்று. முன்னால் போகிறவன் எதைப் பார்க்கிறானோ அதைக் கத்த வேண்டும், கையைப் பின்னால் காட்ட வேண்டும், கேட்டவன் தனக்குப் பின்னால் இருப்பவனுக்குக் கத்த வேண்டும், அப்படியே வால் வரைக்கும். சக்கரத்தை ஒட்டிச் சக்கரம் போகிறவனுக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் முதுகுதான். அவன் கண்ணை என்னிடம் கொடுத்துவிட்டு வருகிறான். கம்பத்தை நான் நன்றாகப் பார்த்தேன், மார்த்தே. வாய் திறக்க நேரமும் இருந்தது. பட்டப்பகலில் சிவப்பு வெள்ளை அடித்த கம்பம் தெரியாதவனுக்கு என்ன சைக்கிள் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவுதான் நினைத்தேன். ஒதுங்கினேன், எனக்குப் பின்னால் நாலு பேர் ஒருவனைப் பார்த்து ஒருவன் கடைசி நொடியில் ஒதுங்கினார்கள், ஐந்தாவதாக இக்னாஸ் நேராகப் போய் மோதினார். வேலையில் நான் சொன்னதை எதிரே இருப்பவன் திருப்பிச் சொல்லாமல் ஒரு சுவிட்சைக்கூடத் தொடமாட்டேன், சொல்லாத ஒரு பையனைப் படகிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த நான்தான் இது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதைவிடக் கேவலம். ஆம்புலன்ஸ் வருவதற்குள்ளேயே நோயல் என்னைக் காட்டி, "மார்னிக் கத்தினானே, நான் கேட்டேன், பின்னாடி சொன்னேனே" என்றான். ஒருவன் அப்படிச் சொன்னதும் மற்ற மூன்று பேருக்கும் கேட்டுவிட்டது. கேட்ட சத்தத்தைப் பின்னால் கடத்தாதவன் என்று பெயர் எடுப்பதைவிட நம் சங்கத்தில் ஒருவன் செத்துப்போவான், உனக்குத் தெரியாததா. கத்தாத சத்தத்தை நாலு பேர் கேட்டு, கடத்தியும் விட்டார்கள். இக்னாஸ் தரையில் கிடந்தபடி, "அப்படியா, மாட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன் போல" என்றார். நான் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் வழக்கமாகக் கூடும் கோலெத்தின் காபி, பீர் கடையில் அவருக்கு மாட்டு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள், இனி அணியில் சேர்க்கக்கூடாது, ஆபத்தான ஆள் என்று பேசினார்கள், ஒருவன் எனக்குப் பீர் வாங்கிக் கொடுத்து, "பாவம், உனக்குத்தான் கெட்ட பேரு" என்றான். நான் அந்தப் பீரைக் குடித்தேன். மாட்டு டாக்டர் என்றபோது சிரித்தேன்கூட. இதை எழுதும்போது காது சூடாகிறது, சிரித்ததை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

வியாழக்கிழமை அவருடைய சக்கரத்தை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே டிவி சத்தம் கேட்டது. அவர் கட்டுப்போட்ட தோளோடு டிவிக்கு ஒரு முழ தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உன் அம்மா லீக் சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "காது டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தாரு, அவர் நல்லா இருக்குன்னு சொல்றாரு, இவர் நம்ப மாட்டேங்கறாரு" என்றாள். நீ போனில் பேசும்போது அவர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார், நீயும் கத்திக் கத்திப் பேசுகிறாய் என்றும் சொன்னாள். எனக்கு ஸ்பூன் கையில் நின்றுவிட்டது. இக்னாஸ் சொன்னார், "டாக்டர் அறைல காத்தா அடிக்குது தம்பி? வெளில நாலு பேருக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேக்கலையே. நாளைக்கு தண்டவாளத்துல ஒரு குழந்தை நிக்குதுன்னு எவனாச்சும் கத்தினா எனக்குக் கேக்குமா? நாளைக்கே பணிமனைல சொல்லிடப்போறேன், இனிமே டிராமைத் தொட மாட்டேன்." அவருக்கு அந்த டிராம் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கடற்கரை முழுக்கப் போய்வந்தவள் நீ.

நான் உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. சூப்பைக் குடித்தேன், சக்கரத்தை மாட்டினேன், கதவு வரைக்கும் போய் ஷூவும் போட்டுக்கொண்டேன். பிறகு ஷூவோடு சமையலறைக்குத் திரும்பி, நான் கத்தவில்லை, உங்களுக்குக் கேட்க அங்கே எதுவுமே இல்லை என்று சொன்னேன். உன் அம்மா தரையில் என் ஷூ மண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அப்பவும் சூப்பைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் சொல்றே" என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்னதில் இதைவிடச் சரியானது கிடையாது. இக்னாஸ் முதலில் கேட்டது, "அப்ப நோயலுக்கு என்னதான் கேட்டுச்சு?" பிறகு எழுந்துபோய் டிவியை அணைத்தார். நடு அறையில் நின்றார். "பிரிட்ஜ் ஓடுது," என்றார். "மேல்வீட்டுக்காரி செருப்பு. கடற்பறவை." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் தொடப் போனேன். "வேணாம் தம்பி. இப்ப என்னால உன்னை மன்னிக்க முடியாது. கை தூக்க வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். வாசல் வரைக்கும் வரவில்லை. அவர் பணிமனைக்கும் போகவில்லை, அது மட்டும் நல்ல செய்தி. எலும்பு கூடினதும் டிராமுக்குத் திரும்பிவிடுவார்.

இன்று காலை ஓட்டத்துக்குக் கிளம்பும் முன்பே, கோலெத்தின் கடையில் சங்கத்தாரிடமும் சொன்னேன். எல்லாரும் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு எழுந்து நின்று சொன்னேன். நோயலும் மற்ற மூன்று பேரும் காபி நுரையையே பார்த்தார்கள். கோலெத் மட்டும் தட்டோடு நின்று, "அப்ப நீ கேட்டது என்ன நோயலு, கர்த்தரோட குரலா?" என்றாள், யாரும் சிரிக்கவில்லை. இனி எந்த அணிக்கும் நான் கேப்டனாக வரக்கூடாது என்றுவிட்டார்கள், சரிதான். அடுத்த பருவம் முழுக்க மெதுவான அணிக்கு நான் வால், ட்யூபும் பம்பும் சுமந்துகொண்டு கடைசியில் வர வேண்டும், யார் எங்கே நின்றாலும் நானும் நிற்க வேண்டும். இன்றைக்கே அப்படித்தான் வந்தேன். அந்தக் கம்பம் வந்தபோது முன்னாலிருந்து சத்தம் ஒவ்வொரு வாயாக வந்து என்னிடம் சேர்ந்தது. எனக்குப் பின்னால் ஆளே இல்லை. ஆனாலும் கத்தினேன்.

வசந்தத்தில் நீ வந்ததும் கடற்கரை ஓட்டம் உண்டா, அதில் நான் உண்டா என்பதை நீயும் அவரும் பேசி முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் பைகளை எடுத்துக்கொண்டு டிராமில் வருகிறேன், மறுப்பு இல்லை. திட்ட வேண்டும் என்றால் திட்டு, எழுத்தில் திட்டு, போனில் என்றால் நான் பாதியில் வைத்துவிடுவேன்.

அங்கே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், ரோட்டைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் பார். ஈர ஏணியில் ஏறாதே. உன் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், மாற்று. கடல் உன்னை நல்லபடியாகப் போகவிட்டது, நல்லபடியாகவே திருப்பிக் கொடுக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிடு, மனசு நிறைய வாழ்.

முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. இனி இக்னாஸோடு போனில் கத்திப் பேசாதே. மெதுவாகப் பேசு. அவருக்கு எல்லாம் கேட்கிறது.

தலைகுனிவோடும் அன்போடும்,
உன் அப்பா
மார்னிக்