பூச்சாடியின் அடித்தழும்பு

ஜொகூர் பாரு,
16 ஆகஸ்டு 1934

அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

மகள் வினிஃப்ரெட் எழுதுவது. நான் சுகம். தங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறார்களா?

இங்கே ஒரு சிறு சங்கதி. கோயில் பீடத்துக்கென்று விதவை அந்தோணியம்மாள் ஒரு பழைய கண்ணாடிப் பூச்சாடியைக் கொண்டுவந்தார். கோத்தா திங்கி ரப்பர்த் தோட்டத்தில் தம் கணவருக்குப் பிரெஞ்சுத் துரை பரிசளித்தது என்றார். நான் அடியைத் தடவினேன். சொரசொரவென்று ஒரு தழும்பு. “இது ஒடஞ்ச கடைச்சரக்கு, பீடத்துல வைக்கக் கூடாது” என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன். “தொர குடுத்தாராம் லா!” என்று பெண்கள் சிரித்தார்கள். அவர் சாடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

சென்ற ஞாயிறு, சிங்கப்பூர்க் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மைக்கல் அதை அவர் வீட்டில் பார்த்திருக்கிறார். ஊதிச் செய்த சாடியை இரும்புக் கோலிலிருந்து பிரித்த இடம்தான் அந்தத் தழும்பாம். கைவேலைக்கு அதுவே அடையாளமாம். பக்கத்திலேயே பிரெஞ்சுப் பட்டறையின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. “டீச்சர் இதப் படிக்கலயா?” என்று என்னிடம் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். “படிச்சவங்க சொல்றீங்க, எங்க வீட்டுக்காரருதான் பொய் சொல்லிட்டாரோன்னு நெனச்சிட்டேன் டீச்சர்” என்றார் அந்தோணியம்மாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னிலும் என் தவற்றைச் சொல்லப்போகிறேன். முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் வாங்கித் தந்த மூக்குக்கண்ணாடி அங்கே நம் வீட்டில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மறந்து வந்ததாக எழுதியிருந்தேன். மறக்கவில்லை அப்பா, கிழவி என்பார்களே என்று விட்டுவந்தேன். அனுப்பிவையுங்கள்.

பள்ளி மணி அடித்துவிட்டது.

தங்கள் மகள்,
வினிஃப்ரெட்