அமுக்கின கையை எடுத்தால்

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் அருமை மகன் றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் பஹ்மியாவும் அந்தக் கன்பராக் குளிரில் தடிமன், காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் நடமாடுகிறோம், வாப்பாவுக்கு முழங்கால் நோ கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது, எனக்குப் பிரஷர் மாத்திரையை டொக்டர் கூட்டிவிட்டார், அது ஏன் கூடினது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்கிற உம்மாவுக்கு என்னத்துக்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். வாப்பா போனை எடுத்தால் லவுட்ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார், பக்கத்து வளவில் இருந்தும் உனக்கு ஸலாம் சொல்லுவார்கள். வொய்ஸ் அனுப்பினால் அது யார் யார் கையில் போய் நிற்குமோ தெரியாது, கிண்ணியாவில் ஒரு கதை புறப்பட்டால் பாலம் தாண்டி டவுனுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வரும். உன் தங்கச்சி பஸ்னாவோடு படிப்பிக்கிற சோபனா டீச்சரின் தம்பி லீவு முடிந்து சிட்னிக்குப் போகிறான், அங்கே இறங்கினவுடன் தபாலில் போடுகிறேன் என்று சொன்னான். மகன், ஆறுதலாக இருந்து கடைசி வரைக்கும் வாசி, கோபம் வந்தால் வாசித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

உன் தங்கச்சிக்கு மூதூரிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது, மாப்பிள்ளை மெல்பேர்னில் எஞ்சினியர் என்று உனக்குச் சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயம் ஆகும் முன்னே வெளியே விட்டால் கண்ணூறு என்று வாப்பா என் வாயை அடைத்துவிட்டார். அவர் பயந்ததிலும் பிழை இல்லை, முன்னுக்கு வந்த இரண்டு பேச்சும் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும்தானே, ஒருவன் இந்த வீட்டுக்கு மேல் மாடி கட்டித் தரச் சொன்னான், மற்றவன் வீட்டார் பிள்ளை நிறம் காணாது, கறுப்பு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கும் பஸ்னா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்தாள். இந்த மூதூரார் அப்படி இல்லை. வீடு கேட்கவில்லை, சீதனம், கைக்கூலி என்ற சொல்லே அவர்கள் வாயில் வரவில்லை. மாப்பிள்ளையை ஊரில் இன்பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தகப்பன் இல்லை, மௌத்தாகிவிட்டார், தாய் உம்மு குல்சும் சாதுவான மனுசி, தாயின் தம்பி அபூதாஹிர்தான் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிறார், டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். நான் பக்கத்தில் இருக்க பஸ்னாவும் அந்தப் பிள்ளையும் இரண்டு தரம் போனில் கதைத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று இவள் கேட்க, காருக்குப் போடுகிற தகட்டை அமுக்கி வடிவமாக்கிற வேலை என்று அவன் விளக்கமாகச் சொன்னான், இவள் சிரித்துச் சிரித்துக் கேள்வி கேட்டாள். அவளுக்குப் பிடித்துவிட்டது மகன். அதுதான் இப்போது எனக்குப் பெரிய கவலை.

இரண்டாம் தடவை வந்தபோது அபூதாஹிர் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்து வாப்பாவின் கையில் கொடுத்தார், தன் மருமகன் இன்பாஸ் கண்டுபிடித்தது, வேறு யாரும் அதைச் செய்யாமல் இருக்கக் கம்பனி பேட்டன்ட் கேட்டுப் போட்டிருக்கிறது என்று. உன் வாப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, ஹார்பர் வேர்க்‌ஷொப்பில் இருந்து பென்சன் வாங்கி எத்தனை வருசம் போனாலும் ஒரு படத்தில் இரும்பைக் கண்டால் மனுசனுக்குப் பசி தெரியாது. பெண் பேச வந்தவர்களைக் கதிரையில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படம் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு விளங்கப்படுத்துகிறேன் என்று குசினியில் இருந்த பிஸ்கட் டின் மூடியை எடுத்துப் பெருவிரலால் அமுக்கினார். பாத்தியா ஆமினா, அமுக்கிற மட்டும் வளைஞ்சி நிக்கிது, கைய எடுத்தா கொஞ்சம் கிறுகித் திரும்பி வருது, தகட்டுக்கு அதான் குணம், இந்தப் புள்ள என்ன செஞ்சிரிக்கான் எண்டா முதல் அமுக்கில கொஞ்சம் கூடுதலாப் புடைக்க உட்டுட்டு ரெண்டாம் அமுக்கில அந்தப் புடைப்ப நசுக்கிறான், அப்ப தகடு கிறுகி வராது என்று பெரிய வாத்தியார் மாதிரிச் சொன்னார். நல்ல மூடி, இப்போது டின்னுக்குப் பொருந்தாது, பிஸ்கட் எல்லாம் எறும்பு. அன்றைக்கு உம்மு குல்சும் பெரிய பீங்கான் பாத்திரம் நிறையக் கருப்பட்டி மணக்கிற வட்டிலப்பம் கொண்டுவந்தாள். நான் இரண்டு துண்டு தின்றேன், பொய் சொல்லக் கூடாது, மூன்று.

இனித்தான் விசயம். நாள் குறிக்க என்று மூன்றாம் தடவை வந்தார்கள். நானும் உம்மு குல்சுமும் உள்ளே இருந்தோம், முன் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் திரைச்சீலை ஒன்றுதான். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டும் வைத்த பிறகு அபூதாஹிர் போனை எடுத்து வாப்பாவிடம் நீட்டி, இஞ்ச பாருங்க ஹிஸ்புல்லா நானா, இது ஆர்ட பேர் எண்டு தெரியிதா என்று கேட்டார். வாப்பா என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உன் பெயர் மகன். இங்கிலீசில், முழுப் பெயரும், கீழே நீ வேலை செய்கிற பேட்டன்ட் கந்தோரின் பெயரும். அல்லாஹ் மேல் ஆணை, முதலில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, நான் பெற்ற பிள்ளையின் பெயர் எங்கோ இருந்து இந்த முன் அறைக்கு வந்திருக்கிறதே என்று. அதற்குப் பிறகுதான் அவர் கதையைத் தொடங்கினார். இது புதிது இல்லை, ஜப்பானில் முன்பே ஒருவர் இதே மாதிரிச் செய்து எழுதி வைத்திருக்கிறார் என்று நீதான் இன்பாஸின் பேட்டன்டுக்கு மறுப்பு எழுதியிருக்கிறாயாம். அதற்கு மறுமொழி கொடுக்க இன்பாஸுக்கு இன்னும் தவணை இருக்கிறதாம். சம்பந்தியாகப் போறம், புள்ளைக்கி ஒரு வார்த்த சொல்லுங்க, அடுத்த தரம் கொஞ்சம் கண்ண மூடிட்டு ஒரு கையெழுத்து, வேற என்ன கேட்டம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நீ அந்த மறுப்பை எழுதினதற்குப் பின்னால்தான் இவர்கள் முதல் தடவை எங்கள் கேற்றைத் தட்டினார்கள் என்பது போனில் இருந்த திகதியைப் பார்த்த அந்த நிமிசம்தான் என் மண்டையில் உறைத்தது. அப்போ என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வந்தார்களா, உன் பெயரைப் பார்த்து வந்தார்களா.

வாப்பா, மகன்ட வேல எனக்கு விளங்காது தம்பி என்று இழுத்தார். விளங்கத் தேவல்ல நானா, சொன்னாப் போதும் என்று அவர் விடவில்லை. அந்த நேரம் பஸ்னா தேத்தண்ணித் தட்டோடு சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள், நான் முந்தானையைப் பிடித்து இழுக்க முந்தியே போய்விட்டாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, மாமா, கன்பராவில இரிக்கிற என்ட நானாக்கி நேத்தே எல்லாம் சொல்லிட்டன், அவர் அந்தப் பைல வேற ஆளுக்குக் குடுத்திட்டார், சொந்தம் எண்டு வந்தா அவருக்கு அதத் தொட ஏலாதாம், இனி அது ஆர்ட கையில எண்டு அவருக்கே தெரியாது என்றாள். ஒரு சொல்லும் உண்மை இல்லை. அவளுக்கே அப்போதுதான் விசயம் தெரியும். நீ முன்பு ஒரு நாள் யாரோ அனுப்பின சொக்கலேட் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தெரிந்த ஆளின் பைல் வந்தால் மேலதிகாரியிடம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று கதைத்தாயே, அதை இவள் மனதில் வைத்திருந்திருக்கிறாள். அபூதாஹிர் குடித்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். அப்பிடியா, நல்லம் நல்லம் என்றார். நாள் குறிக்கவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு வீட்டில் நடந்த சண்டையை நான் எழுதவில்லை. வந்த சம்பந்தத்த வாசல்ல வெச்சி ஒதச்சிட்டியே என்று வாப்பா கத்தினார், பாவம், அவருக்கும் பயம்தான், தான் கண் மூடும் முன் இவளுக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்ற பயம். பஸ்னா குசினிக்குப் போய் அந்த வளைந்த மூடியை எடுத்துவந்து வாப்பாவின் மடியில் வைத்தாள். நீங்கதானே வாப்பா சொன்னீங்க, அமுக்கிக்கொண்டு இருக்கிற மட்டும் அது சொன்ன மாதிரித்தான் நிக்கும், கைய எடுத்தாத்தான் அதுட வடிவம் தெரியும், நான் கைய எடுத்திட்டன், இனிப் பாப்பம் என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாவை அரிப்பது போல மெதுவாக ஒரு சத்தம் கேட்டது, அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் கதவைத் தட்டவில்லை.

அதற்குப் பிறகு மூதூரில் இருந்து ஒரு போன் கோலும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறந்து அந்த வட்டிலப்பப் பாத்திரத்தைப் பார்ப்பேன், திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறும் பாத்திரம் கொடுக்கிற வழக்கமும் இல்லை, எதைப் போட்டு எந்த முகத்தோடு அனுப்புவது. நேற்றைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு ஓட்டோ வந்து நின்றது. உம்மு குல்சும், தனியாக. என்ட பாத்திரத்த எடுத்துட்டுப் போக வந்தன் என்றாள். சரி, முடிந்தது என்று நினைத்து உள்ளே போனேன், அவளும் என் பின்னாலேயே குசினிக்குள் வந்து பலகையில் குந்திவிட்டாள். பாத்திரம் சாட்டுக்குத்தான் ஆமினா ராத்தா, என்ட தம்பி அப்பிடிக் கேப்பான் எண்டு எனக்குத் தெரியாது, உள்ளுக்க இருந்து ஒங்களோட சேந்துதான் நானும் கேட்டன், தலைய எங்க கொண்டு வெக்கிற எண்டு தெரியல்ல என்று சொல்லி அழுதாள். மகனிடம் சொன்னாளாம், அவன் மாமாவோடு சண்டை பிடித்துவிட்டு, பஸ்னாவின் நானா எழுதினது சரி உம்மா, அந்த ஜப்பான்காரன் எழுதினத நான்தான் பாக்காம உட்டுட்டன், இனி ஆர் பாத்தாலும் அதான் சொல்லுவாங்க, நான் மாத்தி எழுதுறன், கிடைச்சாக் கிடைக்கட்டும் என்று சொன்னானாம். பைல் உன் கையில் இல்லை என்று நம்பித்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், அதை நினைத்தால் எனக்கு மனது இளகுகிறது. இன்னொரு பக்கம், இதுவும் வாப்பா சொன்ன இரண்டாம் அமுக்காக இருக்குமோ என்று ஒரு பயம். நல்ல மனுசியைச் சந்தேகப்படுகிறேனோ என்று அதற்கும் ஒரு பயம். எனக்குத் தெரியவில்லை மகன், உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவன்தான்.

பஸ்னாதான் மாமிக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பாத்திரத்தை மட்டும் கொடுக்கவில்லை. மாமி, அத வெறுமனே தர ஏலாது, நானாட பதில் ஒண்டு வரக் கிடக்கு, வந்த பொறகு நானே நெறச்சி அனுப்புறன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவளும் சரி என்று இவளின் கன்னத்தைத் தடவிவிட்டு ஓட்டோவில் ஏறினாள். இரவு பஸ்னா என்னிடம், உம்மா, அவங்க மெய்யச் சொல்லி வந்திரிக்காங்க, நான்தான் பொய்ல நிக்கிறன் என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

ஆகவே மகன், உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவனுக்குச் சாதகமாகவும் ஒரு சொல் எழுதாதே, மாமா கேட்டார் என்ற கோபத்தில் பாதகமாகவும் எழுதாதே. உன் வேலை அமானிதம், உன்னை நம்பி ஒப்படைத்தது. உன் மேலதிகாரியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி, பைலை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லு, வட்டிலப்பத்தையும் சொல்லு, மறைக்காதே. உனக்கு ஏதும் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம், ஆனாலும் சொல்லாமல் விட்டால் வருவது அதைவிடக் கெட்டது. வாப்பாவைக் கோபிக்காதே, அவர் அன்றைய சண்டைக்குப் பிறகு என்னோடு கதையில்லை, ஆனால் இன்றைக்கு ஜும்ஆ முடிந்து வந்து, மகனுக்கு எழுதுறதெண்டா எழுது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, பஹ்மியாவுக்குச் சத்தாகச் சாப்பிடக் கொடு, சுபஹ் தொழுகையை விடாதே.

அல்லாஹ் உன் உழைப்பில் வரும் ரிஸ்க்கை ஹலாலாக்கி, கண்ணியத்தோடு வைத்து, உன் கையால் யாருக்கும் அநியாயம் நடக்காமல் காப்பானாக. உன் தங்கச்சி உன் பெயரில் ஒரு பொய் சொல்லிவிட்டு, உன் பதிலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, எழும்பிப் போய் அதை மெய்யாக்கிவிடு.

உன் நினைவோடே இருக்கும் உம்மா,
ஆமினா உம்மா

பைல் கைமாறினவுடன் போனில் கதை எல்லாம் வேண்டாம். வாப்பா லவுட்ஸ்பீக்கரில் போட்டிருக்கும்போது, உம்மா, பாத்திரத்தைக் கழுவுங்கள் என்று மட்டும் சொல்லு. எனக்கும் பஸ்னாவுக்கும் விளங்கும்.