தேருக்குப் பின்னால் உருண்டவருக்கு

இன்று நம் ஊர் அந்தோணியார் கோயிலில் கொடியேற்றம். வெடிமருந்து வாசனை வீட்டுக்குள் வருகிறது. சன்னலைச் சாத்தினேன், பிறகும் வருகிறது. போன வருடம் இந்த வாசனைக்கு முகம் மலர்ந்து நின்றீர்கள். இன்று நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

கருங்கல் சந்திப்பில் டெம்போ மோதி உங்கள் மண்ணீரல் சிதைந்தபோது, அதை எடுத்துத்தான் உங்களைப் பிழைக்க வைத்தார்கள். "இனி இவருக்குச் சின்னக் காய்ச்சல், பெரிய காய்ச்சல்னு கிடையாது. உடம்பு சுட்டா உடனே கூட்டிட்டு வாங்க. கிருமி ரத்தத்துல ஏறிட்டா மணிக்கணக்குல ஆளை முடிச்சிரும்" என்று டாக்டரம்மா சொன்னதை இருவரும்தான் கேட்டோம். ஆனால் பிழைத்ததற்கு நன்றியாக, திருவிழாத் தேருக்குப் பின்னால் உருண்டு வருவதாக நீங்கள் நேர்ந்திருந்தீர்கள்.

தேரன்று காலையில் குளிர் உங்களைத் தூக்கிப் போட்டது. தொட்டால் உடம்பு கொதித்தது. ஆட்டோ கூப்பிட ஓடினேன். கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுல்லா, பெறவென்னட்டி?"

"எல்லாக் கிருமிக்கும் ஊசி கிடையாதுன்னு சொன்னாங்கல்லா. வாங்க, போவோம்."

"அந்தோணியாருக்குக் குடுத்த வாக்குல்லா. முடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரி. சத்தியம்."

காலில் விழுந்தேன். காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு ஈர வேட்டியோடு புறப்பட்டீர்கள். "நேர்ச்சைக்குப் போறவன தடுக்கப்பிடாது பிள்ளே" என்று பக்கத்து வீட்டார் என்னைத்தான் அதட்டினார்கள்.

சுடுகிற தார் ரோட்டில் நீங்கள் உருள, கூடவே நான் ஓடினேன். கோயில் வாசலில் உங்களால் எழுந்திருக்க முடியவில்லை. பக்தி முற்றிவிட்டது என்றார்கள். கைகளில் கருநீலத் திட்டுகள் படர்ந்திருந்ததை நான்தான் பார்த்தேன். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பறக்க, வழியெல்லாம் வாய் ஓயாமல் உங்களைத் திட்டினேன். பயத்தில் எனக்கு வேறொன்றும் வரவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்து, "சண்டைய வீட்டுல போயி வச்சுக்கலாம்ட்டி" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்திக்குள் எல்லாம் முடிந்தது.

அந்தோணியாரோடு எனக்கு வழக்கில்லை. சாகக் கிடக்கிற உடம்போடு உருளச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. "நேர்ச்சைய முடிச்சிட்டுப் போனாரு, நல்ல மரணம்" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். அந்த நல்லதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு நீங்கள் வேண்டும்.

திட்ட வேண்டியதில் பாதியைக்கூட அந்த ஆட்டோவில் நான் திட்டி முடிக்கவில்லை. மிச்சமெல்லாம் நெஞ்சிலேயே கிடக்கிறது. நான் வீட்டில்தான் இருக்கிறேன். வாருங்கள்.