சின்னம்மா நிறுத்திய மாத்திரை

ஜூலை 9, செவ்வாய். மைசூர்.

சாயங்காலம் ஹனூரிலிருந்து சின்னம்மா போன் செய்தாள்.

"ஏங்கண்ணு, பிரஷர் மாத்திரைய நிறுத்தி ஒம்பது நாளாச்சு. தலை கிறுகிறுன்னே இருக்குது. போகப் போகச் சரியாயிருமா?"

யார் நிறுத்தச் சொன்னது என்று கத்திவிட்டேன்.

"நீதான எழுதியிருந்த! வாட்ஸ்அப்புல வந்துச்சு. உம்பேரு போட்டிருந்துச்சே."

'பிரஷர் மாத்திரை ஆயுசுக்கும் தேவையா?' எங்கள் கம்பெனியின் ஆரோக்கிய இணையதளத்துக்கு நான் எழுதிய கட்டுரைதான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் அது கடைசிப் பத்தியில் இருக்கிறது. பதிலை மேலேயே சொல்லிவிட்டால் யாரும் லிங்கைத் திறந்து உள்ளே வரமாட்டார்கள் என்பது ஆபீஸ் கணக்கு. 'மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்றுதான் முதலில் தலைப்பு வைத்திருந்தேன். எடிட்டர் மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

"கீழ வரைக்கும் படிக்கலையா சின்னம்மா?"

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு தலைப்போட விட்டுட்டேன் கண்ணு."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி சித்தப்பாவிடம் கெஞ்சினேன். எட்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். பிரஷர் ரொம்ப ஏறியிருக்கிறதாம். ராத்திரி அங்கேயே படுக்கச் சொல்லிவிட்டார்களாம்.

போனை வைத்ததும் எடிட்டரின் மெசேஜைப் பார்த்தேன். "உங்க பிரஷர் கட்டுரை சென்னாகி, ரொம்ப நல்லா ஓடுது மேடம். சர்க்கரை மாத்திரைக்கும் இதே மாதிரி தலைப்பு வெச்சு நாளைக்கு ஒண்ணு கொடுத்துடுங்க."

 சரி சார் என்று அனுப்பினேன்.