நீலக் காருக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை

16 மார்ச் 2025, ஞாயிறு

கொட்டகைக்காகக் காலையிலேயே சண்டை. மல்லாட்டை பிடுங்கும் நாள் நெருங்கிவிட்டது, கடலை மூட்டைகளை எங்கே அடுக்குவது என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கொட்டகையில் என் நீலக் கார் நிற்கிறது. பாண்டுரங்கன் என்றால் மயிலம் வட்டாரத்தில் பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பொறுமைக்குள் எவ்வளவு பிடிவாதம் என்று கூடக் குடித்தனம் நடத்துகிற எனக்குத்தான் தெரியும்.

புதுச்சேரியில் நெடுஞ்செழியன் என்று ஒருவர் பழைய கார்களைச் சேர்க்கிறாராம். இதையும் கேட்டிருக்கிறாராம். "நல்ல எடத்துக்குத்தான் போவுது தேவயானி" என்றார் இவர், பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போல.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சும்மா நிக்கறதுக்குன்னு நெனச்சீங்களா? இத ஏற்காடு ஏத்திக் காட்டட்டுமா?"

"காட்டு. ஏறிட்டா கொட்டகை காருக்கு. நின்னுட்டா காரு நெடுஞ்செழியனுக்கு."

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எஞ்சினைவிட வாய் வேகம்.

18 மார்ச்

திண்டிவனம் வழியாக மரக்காணம் பக்கம் அம்மா வீட்டுக்குக் காரை ஓட்டிப்போனேன். அண்ணன் மணிமாறன் படகு எஞ்சின் பார்க்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் நான் மீன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது, காயலான் கடைக்குப் போக இருந்த இந்தக் காரைப் பிடித்துவந்தேன். எஞ்சினை இறக்கி, குடைந்து, கார்புரேட்டரை மாற்றி, இதை இப்படிச் சீறவைத்தவன் அவன்தான்.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று பித்தளையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதன் நடுவில் உள்ள ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகும். அண்ணன் அந்த ஓட்டையை எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகவே வைப்பான். "நடுக்கடல்ல எண்ணெ பத்தாம நின்னா இன்னா பண்ணுவ பாப்பா? கூடக் கொஞ்சம் குடிச்சா பொகைதான் வரும். பொகையால எவனும் கடல்ல நிக்கல." எங்கள் குப்பத்தில் எல்லா எஞ்சினும் இப்படித் தின்று வளர்ந்தவைதான்.

கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் வரை ஓட்டிப் பார்த்தோம். என்ன ஓட்டம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏற்காடாவது ஒன்றாவது.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னும் பெரிய ஜெட் ஒன்றையும் டிக்கியில் போட்டு அனுப்பினான்.

20 மார்ச்

இவர் ஸ்வெட்டர் தேடுகிறார். மார்ச் மாதத்தில்!

22 மார்ச், சனி — சேலம், லாட்ஜ்

நின்றுவிட்டது.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் எல்லாம் பறந்து வந்த கார். மலையில் பாதி வளைவுகள் வரைகூட ஒழுங்காகத்தான் ஏறியது. அப்புறம் இழுவை குறைந்தது. இருமல். பின்னால் கரும்புகை. பன்னிரண்டாவது வளைவில் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்த அடியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏத்தம்ல, பசிக்குது அதுக்கு. பெரிய ஜெட்ட மாட்டு, ஜல்தியா" என்றான். ஓரமாகத் தள்ளிவைத்து மாட்டினேன். அவ்வளவுதான், கிளம்பவே மாட்டேன் என்றது. புகை மட்டும் கடலூர் வரைக்கும் தெரிந்திருக்கும்.

இவர் கட்டைச்சுவரில் உட்கார்ந்து ஸ்வெட்டரோடு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன். சுற்றிலும் குரங்குகள், அவருக்கு நல்ல துணை.

பழைய ஜெட்டையே மாட்டி, திருப்பிக்கொண்டு இறங்கினோம். இறங்க இறங்க இருமல் நின்றது. அடிவாரத்தில் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது, திருட்டுக் கழுதை!

கீழே நன்றாக ஓடுவது மேலே ஏன் ஓடவில்லை? ஏற்றம் என்றால் கீழேயும்தான் ஏற்றம் இருந்தது. என் கார் போய்விடுமா? போய்விடும். நான்தானே சரி என்றேன்.

23 மார்ச், ஞாயிறு

காலையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அடுப்புச் சட்டியின் அடி மாதிரி கரி, பெட்ரோல் வாடை வேறு. பசியில் இருக்கிற எஞ்சினுக்கு ஏது இவ்வளவு கரி? இது தின்னமுடியாமல் திணறியிருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. நேற்று மேலே காரைத் தள்ளியபோது எனக்கே மூச்சு வாங்கியது. உயரம் போகப் போகக் காற்று மெலிந்துபோகும். ஜெட் மட்டும் கீழே ஊற்றிய கணக்குக்கே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். காற்று கம்மி, பெட்ரோல் அதே அளவு, எப்படி எரியும்? படகு என்றைக்கு மலை ஏறியது, அண்ணனுக்கு இது தெரிய!

போனில் சொன்னேன். அலறினான். "கொறைக்காத பாப்பா! எஞ்சின் உருகிப் பூடும், பேஜாராயிடும்!"

எஞ்சின் அவன் செய்தது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சேலத்தில் ஒரு கடையைத் திறக்கவைத்துச் சின்ன ஜெட் வாங்கினேன். இவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கி நின்றேன். "இன்னொரு வாட்டி ஏறிப் பாக்கட்டுமா?"

"ஒரு வாட்டிதான்னு நான் எப்ப சொன்னேன்? வண்டிய எடு."

இந்த மனுஷனை என்ன செய்வது! பத்து வருஷமாகத் தெரிந்தவர் போலவே இல்லை.

பாதி மலையில் ஓரம் கட்டிச் சின்ன ஜெட்டை மாட்டினேன். பன்னிரண்டாவது வளைவு வந்தபோது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் என்னைவிட இறுக்கமாகக் கதவைப் பிடித்திருந்தார். இருமல் இல்லை. புகை இல்லை. கடற்கரைச் சாலையின் வேகம் வரவில்லைதான், இருக்கிற காற்றுக்குத்தானே பலம். ஆனால் நிற்காமல் ஏறியது. ஏரிக்கரையில் நிறுத்தியதும் நான் கத்திய கத்தலில் தேனிலவு ஜோடி ஒன்று பயந்து விலகிப்போனது.

இறங்கியதும் மறக்காமல் பழைய ஜெட்டை மாட்டினேன். சின்னதோடு சமவெளியில் விரட்டினால் அண்ணன் சொன்னபடி சூடேறி நாசமாகும். அவன் பயமும் பொய்யில்லை, இடம்தான் வேறு.

24 மார்ச்

அண்ணன் போன் எடுக்கவில்லை. சாயந்திரம் அவனே கூப்பிட்டு, "எந்த சைஸு போட்ட?" என்று மட்டும் கேட்டான்.

2 ஏப்ரல்

மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது. மூட்டைகள் கூடத்தில், எங்கள் கட்டிலைச் சுற்றி. படுக்கவே ஏறிக் குதிக்க வேண்டியிருக்கிறது.

நெடுஞ்செழியன் போன் செய்தார். இவர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வந்து, மூட்டையைத் தாண்டிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஊட்டி ஏற்காட்ட விட ஒசரம்தான?"

"ஆமா."

"அப்ப ஜெட்டு இன்னும் சின்னதா வேணும் இல்ல? வாங்கி வெச்சிடு. மல்லாட்டைய மண்டில போட்டுட்டுப் போய் வரலாம்."