பதினொரு நிமிஷம்

அன்பு மருமகளுக்கு,

கடலடியில் நிலம் அதிர்ந்து மூன்று நாளாகியும் நீ வேலை பார்க்கும் நிலநடுக்கக் கண்காணிப்பு மையத்தை விட்டு வரவில்லை. மாற்றுத்துணியோடு இதையும் உன் புருஷனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சுனாமி ஒத்திகை என்று மாதாமாதம் கடிகாரத்தோடு என்னை மேட்டுப் பள்ளிக்கூடம் வரை நடக்க வைத்தாய். "பதினொரு நிமிஷம் ஆகுது அத்தை, எட்டுல ஏறணும்" என்றாய். மாமியாரை ஓடவிடும் மருமகள் என்று தெருவெல்லாம் சொன்னேன்.

அன்று உங்கள் சைரன் கேட்டதும் ஏழே நிமிடத்தில் ஏறினேன், பக்கத்து வீட்டுக்காரியையும் இழுத்துக்கொண்டு. குறித்துக்கொள். நல்லவேளை, அலை கரைச்சாலையோடு நின்றது.

மேலிருந்து பார்த்தேன். ஊரே மேடேறியது, கரையோரம் உன் மையத்திலிருந்து மட்டும் யாரும் வெளியே வரவில்லை. "கருவியை யார் பார்க்கிறது?" என்பாய். தெரியும்.

நீ மேடேற எத்தனை நிமிடமாகும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வந்ததும் என்னோடு ஏறு. கடிகாரம் என் கையில் இருக்கட்டும்.

உன் அத்தை