கப்பல் ஏறாத ராணி

என் அன்பானவளுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

வெள்ளைக்காரர்கள் நாடு கடத்தி இங்கே குடிவைத்த நம் ராஜாவின் வாரிசைக் கண்டுபிடித்துவிட்டேன். தையல்கடை நடத்தும் ஓர் அம்மா. ராஜா இங்கே வந்து மறுமணம் செய்த வழியில் கொள்ளுப்பேத்தி. நான் வரைந்த வம்சப் படத்தில் அவர் தன் பெயரைத் தேடவில்லை. முதல் மனைவியின் பெயரில் விரலை வைத்தார்.

“இவங்க கப்பல்ல வரலையா?”

“வெள்ளைக்காரங்க விடலைங்க. ஊர்லயே இருந்துட்டாங்க.”

“அப்புறம்?”

எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்தவர்களை மட்டுமே தேடியிருந்தேன்.

“அவங்களையும் பாருங்க தம்பி. எத்தனை வருஷம் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாங்களோ.”

அந்த ராணியை நம் ஊரில்தான் தேட வேண்டும். ஆகவே இந்த மாதமே புறப்படுகிறேன். நான் கேட்டிருந்த என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்ப வேண்டாம், வந்து எடுத்துக்கொள்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. யாராவது கேட்டால், வேலையாக வருகிறேன் என்றே சொல்.

உன்னவன்